ஐந்து என்ற கணக்கை எழுதும் கிராணி

காலையில் பசியாறுவதற்கு முன் விரல் நுனியில் ஊசியைக் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைப் பட்டையில் தொட்டு, கையடக்கக் கருவியில் எண் வருகிறதா என்று பார்த்திருப்பது ஜொகூரில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அன்றாடக் காரியமாகிவிட்டது. 5.2 என்று வந்தால் முகம் மலர்கிறது. 9.8 என்று வந்தால் நேற்று இரவு சாப்பிட்ட திருமண விருந்தின் மீது பழி விழுகிறது. தமிழ்நாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் உறவினர், "எனக்கு நூற்று இருபது" என்றால் இங்குள்ளவர் திடுக்கிடுவதும் உண்டு. பயம் வேண்டாம். அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் கணக்கு. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்களுடைய எண் கிடைத்துவிடும்.

எண்ணைப் பற்றிப் பேசுகிறோம், எண்ணுக்காக அழுகிறோம். ஆனால் அந்த எண் ஏன் ஐந்தைச் சுற்றியே நிற்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நலமான உடம்பில், வெறும் வயிற்றில், பள்ளி மாணவனுக்கும் ஏறக்குறைய 5 தான். ஓய்வு பெற்ற தாத்தாவுக்கும் ஏறக்குறைய 5 தான். அதிகாலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் காஸ்வேயைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் இளைஞர் பத்து மணி வரை எதுவும் சாப்பிடாவிட்டாலும் எண் அதிகம் நகர்வதில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு ஐந்து லிட்டர் இரத்தம் என்று வைத்துக்கொண்டால், அதில் கரைந்திருக்கும் மொத்தச் சர்க்கரை நாலரை கிராம். ஒரு தேக்கரண்டிதான்! ஒரு குவளை தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலில் அதைப் போல் சில மடங்கு இருக்கிறது. அவ்வளவும் உள்ளே போன பிறகும் இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய எண்ணுக்கே உடம்பு திரும்பிவிடுகிறது என்றால், எங்கோ ஒருவர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார் என்றுதானே பொருள்?

அந்தக் கணக்குப்பிள்ளை ஒரு நொதி. என்சைம் என்று பள்ளியில் படித்தது. பெயர் குளுக்கோகைனேஸ். சர்க்கரை வந்து தொட்டதும் தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும் புரதம் அது. அந்த உருமாற்றத்தை 2004-ஆம் ஆண்டில் அணு அணுவாகப் படம் பிடித்துக் காட்டிவிட்டார்கள். நம் சமுதாயத்துக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டால், ஓர் எண் போதும். 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில் மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விழுக்காடு 15.6 ஆகக் குறைந்தது. ஆறுதல்தான். என்றாலும் ஆறு பேரில் ஒருவருக்கு நோய் என்பது சின்ன விஷயம் அல்ல.

தோட்டத்துக் கணக்கு

குளுவாங், சிகாமட், கூலாய்ப் பக்கம் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். பால் வாளிகளைக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். கிராணி நிறுத்துப் பார்த்து ஏட்டில் எழுதுவார். அவர் எழுதுவதை வைத்துத்தான் மேலே துரை முடிவெடுப்பார். கிராணியே மரம் வெட்டுவதில்லை, பாலைக் காய்ச்சுவதும் இல்லை. ஆனால் அவர் ஏடு தவறினால் தோட்டமே தடுமாறும்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களில் குளுக்கோகைனேஸ் பார்ப்பது இந்தக் கிராணி வேலையைத்தான். உள்ளே வரும் குளுக்கோஸ் மூலக்கூறு ஒவ்வொன்றையும் பிடித்து, ஏ.டி.பி. என்ற எரிபொருள் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிய்த்து அதன்மேல் ஒட்டுகிறது. முத்திரை குத்துவது போல. முத்திரை விழுந்த சர்க்கரைதான் மேற்கொண்டு எரிக்கப்படும். முத்திரை வேகமாக விழுந்தால் உயிரணுவுக்குள் எரிபொருள் பெருகும். அதன் விளைவாகச் சில வாயில்கள் மூடி, கால்சியம் உள்ளே பாய்ந்து, இன்சுலின் வெளியே கொட்டும். முத்திரை மெதுவாக விழுந்தால் இன்சுலினும் அடங்கிவிடும். ஆக, இன்சுலின் எப்போது சுரக்க வேண்டும் என்பதை இந்த ஒரு நொதியின் வேகம்தான் பெருமளவு தீர்மானிக்கிறது. கல்லீரலிலும் இதே நொதி உண்டு. அங்கே அதன் வேலை, சாப்பாட்டுக்குப் பின் வரும் சர்க்கரையை வாங்கிச் சேமிப்புக்கு அனுப்புவது.

குளுக்கோகைனேஸுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஹெக்சோகைனேஸ் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். மூளையிலும் தசையிலும் உள்ள உறவுக்கார நொதிகள் இதே முத்திரை வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் அவை மிகவும் பசி கொண்டவை. இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு குறைந்தாலும் அவை முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவரைக் கிராணியாக வைக்க முடியுமா? பால் ஒரு வாளி வந்தாலும் நூறு வாளி வந்தாலும் அவர் ஏட்டில் ஒரே எண்தான் இருக்கும். குளுக்கோகைனேஸ் அப்படியல்ல. சர்க்கரை 8 மில்லிமோலைத் தொடும்போதுதான் அதன் வேகம் பாதியை எட்டுகிறது. 4-க்கும் 5-க்கும் 7-க்கும் உள்ள வேறுபாடு அதற்கு நன்றாகத் தெரியும். இந்த நுட்பம் அதற்கு எங்கிருந்து வந்தது? அதன் உருவத்திலிருந்து வந்தது.

பூட்டு, சாவி, தண்ணீர்

நொதியை ஒரு பூட்டாகவும், அது பிடிக்கும் பொருளைச் சாவியாகவும் நினைத்துப் பார்க்கச் சொன்னவர் ஜெர்மானிய வேதியியலாளர் எமில் பிஷர். ஆண்டு 1894. அழகான உவமை. அரை நூற்றாண்டுக்கு மேல் பாடப்புத்தகங்களை ஆண்டது. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் டேனியல் கோஷ்லண்ட் என்ற அமெரிக்கர். (லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனத்தை நடத்திய குடும்பத்துப் பிள்ளை, துணி வியாபாரத்துக்குப் போகாமல் நொதிக்குள் புகுந்துவிட்டார்.)

அவருடைய கேள்வி எளிமையானது. ஹெக்சோகைனேஸ், குளுக்கோஸின் நுனியில் உள்ள ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கைப்பிடியில்தான் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அதே கைப்பிடி தண்ணீரிலும் இருக்கிறது. உடம்பு முழுக்கத் தண்ணீர். பூட்டு எப்போதும் தயாராகத் திறந்திருக்கிறது என்றால், நொதி ஓயாமல் தண்ணீரின் மீது பாஸ்பேட்டை ஒட்டி எரிபொருளை எல்லாம் வீணடித்திருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லையே, ஏன்? 1958-இல் கோஷ்லண்ட் பதில் சொன்னார்: நொதி முதலில் தயார் நிலையில் இல்லை. சரியான பொருள் வந்து உட்கார்ந்த பிறகே அது வளைந்து, மூடி, வேலைக்குத் தயாராகிறது. தண்ணீர் மூலக்கூறு மிகவும் சிறியது. அதனால் நொதியை மூட வைக்க முடியாது. சைலோஸ் என்ற சர்க்கரையைக் கொடுத்து இதைச் சோதித்தும் பார்த்தார்கள். சைலோஸ் உருவத்தில் குளுக்கோஸ் போலவே இருக்கும், கைப்பிடி மட்டும் இருக்காது. அது உள்ளே போய் உட்கார்ந்ததும் நொதி ஏமாந்து மூடிக்கொள்கிறது. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. எரிபொருள் வீணாவது அதிகரிக்கிறது. கோஷ்லண்ட் சொன்னது மெய்தான் என்பதற்கு இதைவிட அழகான சாட்சி வேண்டுமா?

இப்படி நொதியில் வந்து உட்காரும் சிறு மூலக்கூறை ஆய்வாளர்கள் லிகண்ட் என்பார்கள். குளுக்கோஸ் ஒரு லிகண்ட். மருந்து இன்னொரு லிகண்ட்.

கோஷ்லண்ட் ஊகித்ததைக் கண்ணால் காட்டியவர் யேல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஸ்டைட்ஸ். 1970-களில் ரொட்டிமாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டின் ஹெக்சோகைனேஸை அவர் குழுவினர் படம் பிடித்தனர். நொதியின் உடல் இரண்டு பாகம். நடுவே ஒரு பிளவு. பாட்டிமார் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் பாக்குவெட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் பிளவுக்குள் வந்ததும் ஒரு பாகம் மற்றொன்றை நோக்கி 12 பாகை திரும்பி மூடிக்கொண்டது. பாக்கை வைத்ததும் தானே மூடும் பாக்குவெட்டி! இந்த ஸ்டைட்ஸ் யார் தெரியுமா? சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுடனும், இஸ்ரேலின் அடா யோனத்துடனும் 2009-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டாரே, அதே ஸ்டைட்ஸ். அந்தப் பரிசு ரைபோசோம் ஆய்வுக்காக. ஆனால் அதற்கும் இதற்கும் வழி ஒன்றுதான்: படிகம்.

கற்கண்டு போல ஒரு புரதம்

சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டுப் பொறுமையாக விட்டால் கற்கண்டு விளைகிறது. கோடிக்கணக்கான சர்க்கரை மூலக்கூறுகள் ஒரே ஒழுங்கில் அடுக்கிக்கொள்வதுதான் கற்கண்டு. புரதத்தையும் அப்படி விளைய வைக்கலாம். பாகின் பக்குவம் தவறினால் கற்கண்டு வராதது போல, புரதப் படிகமும் ஏமாற்றும். மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்குக் கிடைத்தாலே கொண்டாட்டம். அதன் மீது எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால் கதிர் பல திசைகளில் சிதறிப் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளின் இடத்தையும் அடர்த்தியையும் வைத்து, உள்ளே எந்த அணு எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

அப்படிக் கணக்கிட்டது சரியா என்று சோதிக்க உலகம் முழுவதும் பயன்படும் வரைபடம் சென்னையிலிருந்து போனது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் தன் சகாக்களுடன் 1963-இல் வெளியிட்டது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும், எவற்றில் முடியாது என்பதை அது காட்டும். இன்றும் ஒரு புதிய புரத அமைப்பு வெளியாகும்போது அது ராமச்சந்திரன் வரைபடத்தில் தேறுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை என்ற குறை தமிழகத்தில் பலருக்கு உண்டு. நியாயமான குறைதான்.

படிகத்தில் ஒரு சங்கடமும் இருக்கிறது. அதில் புரதம் அசையாது. எனவே உருமாற்றத்தைக் காட்ட வேண்டுமென்றால் இரண்டு படிகம் வேண்டும்: லிகண்ட் இல்லாமல் ஒன்று, லிகண்டோடு ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

மனிதக் குளுக்கோகைனேஸில் இதைச் சாதித்தவர்கள் ஜப்பானின் சுகுபா நகரில் இருந்த பன்யு மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள். 2004-இல் அவர்கள் வெளியிட்ட இரண்டு படங்களையும் பார்த்தவர்கள் வியந்து போனார்கள். ஈஸ்டின் நொதியைப் போல இதுவும் கொஞ்சம் திறந்து கொஞ்சம் மூடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். ஆனால் சர்க்கரை இல்லாதபோது மனித நொதியின் சிறிய பாகம் 99 பாகை சுழன்று விலகிக் கிடந்தது. 12 எங்கே, 99 எங்கே! பாக்குவெட்டியின் பிடியைச் செங்கோணத்துக்கும் மேலாக விரித்து வைத்தது போன்ற நிலை. இதற்கு 'அதிதிறந்த' நிலை என்று பெயரிட்டார்கள். நொதியின் வால்முனையில் இருக்கும் ஒரு சுருள், மூடிய நிலையில் சிறிய பாகத்துக்குள் அடங்கி அதற்கு முட்டுக்கொடுக்கிறது. அதிதிறந்த நிலையில் வெளியே விலகி நிற்கிறது. பிளவின் ஓரமெல்லாம் கலைந்து கிடக்கிறது. அந்த நிலையில் நொதியால் எந்த முத்திரையும் குத்த முடியாது.

இந்த இரண்டு படங்களும் புரதத் தரவு வங்கி என்ற பொதுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. 1971 முதல் இயங்கும் அந்த வங்கியில் கட்டணம் இல்லை. ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையோ, சிகாமட்டில் ஆறாம் படிவம் படிக்கும் பிள்ளையோ 1வி4எஸ், 1வி4டி என்ற குறியீடுகளைத் தேடினால் இரண்டையும் கணினித் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம். முதலாவது மூடியது. இரண்டாவது விரிந்தது.

மெதுவாக மூடுவதே திறமை

இவ்வளவு அகலமாகத் திறந்து மூடும் நொதி மெதுவாகத்தானே வேலை செய்யும், அது குறைதானே என்று தோன்றும். அந்தக் குறைதான் அதன் திறமை. மறுபடியும் கிராணியிடம் போவோம். வரிசையில் ஆள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் ஏடு மேசைமேல் திறந்தே இருக்கும், பேனா கையிலேயே இருக்கும். எழுதுவது மளமளவென்று நடக்கும். ஆள் வருவது குறைந்தால் கிராணி ஏட்டை மூடி, அலமாரியில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். அடுத்து வருபவர் அவரைத் தேடிப் பிடித்து, ஏட்டை எடுக்க வைத்து, அதன்பிறகுதான் காரியம் ஆக வேண்டும்.

நொதியிலும் அதுவே நடக்கிறது. ஒரு குளுக்கோஸுக்கு முத்திரை குத்தி அனுப்பியதும் நொதி முழுதாக விரிந்துவிடுவதில்லை. சற்று நேரம் பாதி தயாரான நிலையில் நிற்கிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் அந்த இடைவெளிக்குள் அடுத்த குளுக்கோஸ் வந்து உட்கார்ந்துவிடும். வேகம் கூடிக்கொண்டே போகும். சர்க்கரை குறைவாக இருந்தால் அதற்குள் நொதி அதிதிறந்த நிலைக்குப் போய்விடும். மறுபடியும் மூட நேரம் எடுக்கும். வேகம் சட்டென்று விழுந்துவிடும். ஐந்துக்குக் கீழே இறங்கினால் இன்சுலின் அடங்குவதும், மேலே ஏறினால் விரைந்து சுரப்பதும் இதனால்தான். சர்க்கரை இங்கே வெறும் உணவு அல்ல. தன்னை அளக்கும் கருவியைத் தானே திருகி வைக்கும் கையும் அதுதான்.

கல்லீரலில் இதற்கு ஒரு காவலரும் உண்டு. சாப்பாடு இல்லாத நேரத்தில், விரிந்து கிடக்கும் குளுக்கோகைனேஸை இன்னொரு புரதம் பிடித்து உயிரணுவின் கருவறைக்குள் பூட்டி வைக்கிறது. சாப்பிட்டதும் விடுவிக்கிறது. 2013-இல் வெளியான படிகப் படங்களில் அந்தக் காவல் புரதம் பிடித்து வைத்திருந்தது விரிந்த நிலையைத்தான்.

ஏடு பிழையானவர்கள்

இந்த நொதி 465 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அதில் ஒரு கண்ணி மாறினால் போதும், ஐந்து என்ற எண் நகர்ந்துவிடும். 1992-இல் பிரெஞ்சுக் குடும்பங்களில் இளம் வயதிலேயே வரும் ஒரு வகை நீரிழிவுக்கு இந்த நொதியின் மரபணுவோடு தொடர்பு இருப்பது தெரியவந்தது. அதன்பின் உலகெங்கும் 600-க்கும் அதிகமான மாற்றங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் இந்தியக் குடும்பங்களில் இத்தகைய மாற்றங்களைக் கண்டறிந்து 2014-இல் வெளியிட்டிருக்கிறது. மரபணுவின் பெயரால் இதை ஜி.சி.கே. வகை என்று சொல்லலாம்.

நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஜி.சி.கே. வகையினருக்குப் பிறந்ததிலிருந்தே வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்றுக் கூடுதல், பெரும்பாலும் 5.5-க்கும் 8-க்கும் இடையில். ஆனால் அது ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதில்லை. கிராணி ஏமாற்றவில்லை, எடைக்கல்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது; அந்த மாறிய கல்லை வைத்து ஒழுங்காகவே கணக்கு எழுதுகிறார். சாதாரண நீரிழிவில் வரும் கண், சிறுநீரக, நரம்புப் பாதிப்புகள் இவர்களுக்கு மிக அரிது. பொதுவாக மாத்திரையும் தேவைப்படுவதில்லை, கொடுத்தாலும் எண் பெரிதாக அசைவதில்லை. ஆனால் கிளினிக்கில் எண்ணை மட்டும் பார்த்தால் இவர்களும் நீரிழிவுக்காரர்கள்தான். மூவரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள சமுதாயத்தில், இன்னொரு வகையும் இருக்கலாம் என்ற சந்தேகம் எப்படி எழும்? அப்பாவுக்கு இருந்தது, அண்ணனுக்கு இருக்கிறது, உனக்கும் வந்துவிட்டது என்று பேச்சு முடிந்துவிடும்.

கருவுற்ற காலத்தில்தான் இது பெரும்பாலும் வெளிப்படுகிறது. ஒல்லியான பெண், இருபது வயது சொச்சம், முதல் பரிசோதனையிலேயே வெறும் வயிற்றில் 6.3. இங்கே குழந்தையின் மரபணுவும் கணக்கில் வருகிறது. தாயின் மாற்றம் குழந்தைக்கும் வந்திருந்தால் தாயின் சர்க்கரையை வலிந்து குறைக்க வேண்டியதில்லை. குறைத்தால் குழந்தையின் வளர்ச்சி குன்றலாம். வராவிட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கலாம். அப்போது சிகிச்சை தேவைப்படலாம். ஒரே எண், இரண்டு எதிரான முடிவு. அதைப் பிரித்துக் காட்டுவது மரபணுச் சோதனை ஒன்றே. யாரும் தாமாக முடிவு செய்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் மூன்று தலைமுறையாக எண் லேசாகக் கூடியே இருக்கிறது, ஆண்டுகள் பல ஆகியும் ஏறவில்லை என்றால் அந்தக் குடும்ப வரலாற்றை மருத்துவரிடம் விவரமாகச் சொல்வது அவசியம்.

எதிர்த் திசையிலும் பிழை உண்டு. 1998-இல் ஒரு குடும்பத்தில் 455-ஆவது கண்ணி மாறியிருந்தது. அவர்களுடைய நொதி சர்க்கரை குறைவாக இருக்கும்போதும் சுறுசுறுப்பாக இருந்தது. இன்சுலின் தேவையில்லாமல் சுரந்து சர்க்கரை அபாயகரமாக இறங்கியது. இது மருந்து தேடியவர்களுக்கு ஒரு யோசனையைக் கொடுத்தது: ஒரு கண்ணி மாறியே நொதி இவ்வளவு வேகம் எடுக்கிறது என்றால், ஒரு மாத்திரையால் அதைச் செய்ய முடியாதா?

ஆப்பு வைத்த மருந்து

ரோச் நிறுவனம் 120,000 வேதிப்பொருள்களைச் சலித்தது. நொதியைத் தடுக்கும் பொருள்கள் எளிதில் கிடைக்கும். முடுக்கிவிடும் பொருள் அரிதிலும் அரிது. அப்படி ஒன்று அகப்பட்டது. 2003-இல் அதன் வழிவந்த மருந்தைப் பற்றி அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ஜப்பானியப் படம், இத்தகைய மருந்து எங்கே உட்காருகிறது என்பதைக் காட்டியது. குளுக்கோஸ் உட்காரும் பிளவில் அல்ல. அங்கிருந்து 20 ஆங்ஸ்ட்ரம் தள்ளி, இரு பாகங்களும் இணையும் கீல் ஓரத்தில் ஒரு குழியில். ஆச்சரியம் என்னவென்றால், அதிதிறந்த நிலையில் அந்தக் குழியே கிடையாது! சிறிய பாகம் சுழன்று மூடும்போதுதான் குழி உருவாகிறது. முதலில் சர்க்கரை வந்து நொதியை மூட வேண்டும், அதன்பிறகே மருந்துக்கு இடம். இயற்கையில் சர்க்கரை இறங்கும் நோயை உண்டாக்கிய மாற்றங்களும் பெரும்பாலும் இதே குழியைச் சுற்றித்தான் இருந்தன.

ஆனால் 2004-ஆம் ஆண்டின் மூடிய படத்தில் குளுக்கோஸும் மருந்தும் சேர்ந்தே இருந்தன. மூடியது எது, சர்க்கரையா மருந்தா என்ற ஐயம் நியாயமானது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு அதைத் தீர்த்தது. குளுக்கோஸ் மட்டும் உள்ள படிகத்திலும் நொதி அதே போல் மூடியிருந்தது. மருந்து அந்த உருவத்தை மாற்றவில்லை. கதவைச் சாத்துவது சர்க்கரை. சாத்திய கதவு திரும்பத் திறக்காமல் ஆப்பு வைப்பது மருந்து.

ஆப்பு அளவு மீறினால் என்ன ஆகும்? அதையும் பார்த்துவிட்டார்கள். மெர்க் நிறுவனத்தின் ஒரு மருந்து முதல் 14 வாரங்களில் சர்க்கரையைக் குறைத்தது. 30 வாரத்துக்குள் பலன் கரைந்துபோனது. இடையில் பலருக்குச் சர்க்கரை மிகவும் இறங்கியது, இரத்தத்தில் கொழுப்பும் கூடியது. 2011-இல் வெளியான முடிவு இது. கல்லீரலில் சர்க்கரையை இழுத்து இழுத்துத் திணித்தால் அது கொழுப்பாக மாறுவதில் வியப்பில்லை. அந்த மருந்து கைவிடப்பட்டது. வேறு சில நிறுவனங்களின் மருந்துகளும் அப்படியே போயின. படிகத்தில் அழகாகப் பொருந்துகிறது என்பதற்காக மனித உடம்பு ஒரு மருந்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமா என்ன?

ரோச்சில் தொடங்கி ஷாங்காயின் ஹுவா மெடிசின் நிறுவனத்திடம் போன டோர்சாக்ளியாட்டின் என்ற மருந்து மட்டும் கரை சேர்ந்தது. இது நொதியை மிதமாகவே முடுக்குகிறது. சீனாவில் 463 பேரிடம் நடந்த ஆய்வில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 24 வாரங்களில் 1.07 குறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 0.50 குறைந்தது. 2022-இல் சீன அரசு இதை அங்கீகரித்தது. இந்த வகை மருந்துகளில் உலகில் முதல் அங்கீகாரம் அதுதான். நிதானமாகப் பார்த்தால் இது அதிசய மருந்து இல்லை. வெற்று மாத்திரைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அரை விழுக்காட்டைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவே. பல ஆண்டுகளாக மலிவாகக் கிடைக்கும் மாத்திரைகளும் அந்த அளவுக்குக் குறைக்கும். முன்னோடி மருந்துகளில் பலன் கரைந்தது 30 வாரத்துக்குள் என்பதால், 24 வார முடிவை மட்டும் பார்த்துக் கைதட்டிவிடவும் கூடாது.

படங்களின் எல்லையையும் அறிந்துகொள்வது நல்லது. படிகம் காட்டுவது இரண்டு கணங்களை மட்டும். கரைசலில் நொதி எப்படி இருக்கிறது என்று காந்த அதிர்வு முறையில் ஆராய்ந்த அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2012-இல் வேறொரு சேதி சொன்னார்கள். சர்க்கரை இல்லாதபோது சிறிய பாகம் ஒரே அதிதிறந்த நிலையில் நிற்பதில்லை. பல உருவங்களுக்கிடையே தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. குளுக்கோஸ் வந்ததும்தான் ஆட்டம் அடங்கி ஒழுங்குக்கு வருகிறது. மருந்தும் அந்த ஆட்டத்தை அடக்குகிறது.

ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தினர் இதை நோயாளிகளிடமே சோதித்தார்கள். ஜி.சி.கே. வகையினர் சிலருக்கும், அண்மையில் சாதாரண நீரிழிவு வந்த சிலருக்கும் டோர்சாக்ளியாட்டினை ஒரே ஒரு வேளை கொடுத்து, இரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்பாடாக ஏற்றிப் பார்த்தார்கள். முடிவு 2023-இல் வெளியானது. பிறவியிலேயே நொதி பழுதானவர்களின் கணையமும் அந்த ஒரு மாத்திரைக்குப் பின் ஏறும் சர்க்கரையை முன்பைவிடக் கூர்மையாக உணர்ந்து, இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்தது.